மூன்று முறை வெந்த தண்ணீர்

"பெயர்: வி. கொளஞ்சியப்பன். வயது: நாற்பத்தாறு. பதவி: சமையற்காரர், இரண்டாம் நிலை. பணி: உள்நோயாளிகளுக்குக் கஞ்சி, பால், பத்திய உணவு ஆகியவற்றைத் தயாரித்து, ருசி பார்த்து, வயிற்றுக்கு ஒவ்வாதது எதுவும் போகாமல் கவனித்தல்."

கடலூர் முதுநகரில் ஒரு தரும ஆஸ்பத்திரி 1966-ல் அவரைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தது. பெயரும் வயதும் சரி. மற்றபடி அவருக்கு ரசம் வைக்கத் தெரியாது, சோறு வடிக்கத் தெரியாது. சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாகக் குடியிருந்து தினமும் ரயிலில் வந்துபோனார், சாப்பாடு மெஸ்ஸில். ருசி என்பது அதைவிட மோசம். எட்டு வருஷமாகக் கொதிக்காத எதையும் வாயில் வைக்காத மனிதருக்கு ருசி எங்கிருந்து வரும்? வெற்றிலையைக்கூட வெந்நீரில் முக்கி எடுத்து, துவண்டுபோனதைத்தான் மென்றார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் காய்ச்சியது வயிற்றுக்குத்தான் போனது. வாய் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

சிறுநீரகம் நின்றுபோனவர்களைப் பிழைக்க வைக்க டாக்டர் சௌந்தரம் சென்னையில் ஒரு வழி கற்றுக்கொண்டு வந்திருந்தார். தொப்புளுக்குக் கீழே துளையிட்டு ஒரு குழாயைச் செருக வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை இரண்டு புட்டி அதன் வழியே வயிற்றுக்குள் இறக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அதே புட்டிகளைத் தரையில் வைத்துத் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் தேங்கிய கசடு அதோடு வெளியே வந்துவிடும். சொந்தச் சிறுநீரகம் விழித்துக்கொள்ளும் வரை இப்படியே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். வயிற்றுக் குழிக்குள் சுவரெல்லாம் ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது, அதுதான் சல்லடை.

"அந்தத் தோலு கிழிஞ்சி கிழிஞ்சி போனா என்னா ஆவும் டாக்டரம்மா?" என்று கொளஞ்சியப்பன் ஒருமுறை கேட்டார்.

"தண்ணி பட்டுத் தோல் கிழியுமா கொளஞ்சியப்பன்?" என்றார் டாக்டர். அவருக்கு வயது முப்பத்திரண்டு. எல்லாக் கேள்விக்கும் பதில் கையிலிருக்கும் வயது.

அந்தத் தண்ணீரை ஆஸ்பத்திரியிலேயே கலந்து, புட்டியில் அடைத்து, நீராவியில் வேகவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படியொரு பதவி கிடையாது. பத்தியச் சமையற்காரர் இடம் காலியாக இருந்தது. வேகவைக்கும் ஆட்டோகிளேவோ, பம்ப் ஸ்டவ் மேல் உட்கார்ந்திருக்கும் இடுப்பளவு இட்லிக் குண்டான் போலத்தான் இருந்தது. "எல்லாம் அடுப்பு வேலைதானே" என்று மேலாளர் கையெழுத்துப் போட்டார். பழைய கஞ்சி அறை, வார்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாதது, அவருக்குக் கிடைத்தது.

"மாமா, இன்னைக்கு என்னா டிபன்?" என்று தினமும் கதவில் தலையை நீட்டுவான் பொன்னுரங்கம். வார்டு ஆள், கொளஞ்சியப்பனின் இறந்துபோன மனைவி தில்லையம்மாளுக்குத் தம்பி.

"ஒனக்கும் ஒரு பிளேட்டு எடுத்து வைக்கிறேன், மச்சான். முதல்ல வயித்துல ஓட்டை போட்டுக்கினு வா."

இருவரும் சிரிப்பார்கள். தில்லையம்மாளைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வேறோர் ஊரில், வேறோர் ஆஸ்பத்திரியில், கையில் ஊசி குத்திப் புட்டித் தண்ணீர் ஏற்றினார்கள். பாதி இறங்குவதற்குள் குளிர் நடுக்கம் வந்தது. அவள் நடுங்கியதில் இரும்புக் கட்டில் சுவரில் இடித்து இடித்துக் கடகடவென்று ஆடியது. நாலு பேர் பிடித்தும் கட்டில் நிற்கவில்லை. அவள் நின்ற பிறகுதான் அது நின்றது. "தண்ணி சரியா வேகல போலிருக்கு" என்று யாரோ ஒரு கம்பவுண்டர் போகிற போக்கில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் கொளஞ்சியப்பன் மீதி வாழ்க்கையைக் கட்டிக்கொண்டார்.

கஞ்சி அறைக் குண்டானிலும் அதே சத்தம் இருந்தது. முதல்முறை சூடேறும்போது மூடி கடகடவென்று ஆடும். டாக்டர் சொன்ன இருபது நிமிஷம் முடிந்து, ஆறவைத்து, அதே புட்டிகளை இரண்டாம் முறை ஏற்றினால், ரப்பர் வளையம் இளகி மூடியை இறுகப் பிடித்துக்கொள்ளும், சத்தமே வராது. இதற்கு விளக்கம் உண்டு. கொளஞ்சியப்பனுக்கு அந்த விளக்கம் தெரியும். தெரிந்தும், சத்தம் அடங்கிய தண்ணீரைத்தான் அவர் வார்டுக்கு அனுப்பினார். இரண்டாம் வேக்காடு யாருக்கும் தெரியாது. அதில் தண்ணீருக்கு ஒரு நிறம் வரும். மெலிந்த தேன் போல. அதைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் வந்தவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயி, பாம்பு தீண்டியவர். மூன்றாம் நாள் வயிற்றிலிருந்து திரும்பிய தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல இருந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கும் அதே கழுநீர், அதே முடிவு. சிறுநீரகம் நின்றவர்கள் சாவது உலக வழக்கமாகையால் யாரும் தண்ணீரைக் கேள்வி கேட்கவில்லை. ஆயாக்கள் மட்டும் கஞ்சி அறையைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் போகும்போது தனியாகப் போகிறது, வரும்போது எதையோ கூட்டிக்கொண்டு வருகிறது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.

ஐப்பசி அடைமழையில் பரங்கிப்பேட்டையிலிருந்து ரசியா வந்தாள். இருபத்திரண்டு வயது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், அதோடு சிறுநீரும் நின்றுபோயிருந்தது. பிள்ளை நாத்தனாரிடம், புருஷன் பினாங்கில். கூட வந்தது தாய் ஆசியா உம்மாள் மட்டும். "எத்தன நாளு ஆவும் டாக்டரம்மா?" என்று கேட்டாள். "அவ கிட்னி எழுந்துக்கிற வரைக்கும்" என்றார் சௌந்தரம். "அதுவரைக்கும் இந்தத் தண்ணிதான் அவளுக்குக் கிட்னி."

புட்டி ஏறியது, இறங்கியது. வயிறு உப்பியது, வற்றியது. ஆசியா உம்மாள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, வாய்க்குள் துஆ ஓதியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடல் ஓதம் ஏறி எறங்குறாப்புல இருக்கு" என்றாள் யாரிடமோ. கடலோரத்தில் பிறந்தவளுக்கு அதில் ஆறுதல் இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் ரசியா கண் விழித்துப் பிள்ளையைக் கேட்டாள். வார்டே சிரித்தது. மூன்றாம் நாள் தண்ணீர் உள்ளே போகும்போது கத்தினாள். எரிகிறது என்றாள். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, காதைச் சாய்த்து, வேறெதையோ கேட்க ஆரம்பித்தாள்.

"உம்மா, நம்ம வூட்டுல யாரு?"

"யாரும்மா? யாரும் இல்லியே."

"இருக்காரு. சுவத்துல சுண்ணாம்ப சுரண்டுறாரு. பொருக்குப் பொருக்கா உளுவுது. சொல்லு உம்மா, நிறுத்தச் சொல்லு."

பரங்கிப்பேட்டை உப்புக் காற்றில் எந்த வீட்டுச் சுவரும் பொருக்குதான் உதிர்க்கும். காய்ச்சலில் வீட்டு ஞாபகம் வருவது இயற்கை என்று பொன்னுரங்கம் சொன்னான். சொல்லிவிட்டு, தரையிலிருந்த புட்டியை எடுத்துக்கொண்டு கஞ்சி அறைக்கு வந்தான்.

"மாமா, இதப் பாருங்க."

கழுநீர். கொளஞ்சியப்பன் புட்டியை விளக்குக்கு நேரே பிடித்தார். அடியில் மெல்லிய, வெள்ளையான ஏதோ ஒன்று, துணி அலசும்போது மிதக்கும் நூல் போலச் சுழன்றது. புட்டியை அசைக்காமல் பிடித்திருந்தும் அது சுழன்றுகொண்டே இருந்தது.

டாக்டர் சௌந்தரம் கிருமி என்றார். கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். மறுநாளும் தட்டு காலியாக இருந்தது. கிருமி இல்லாவிட்டாலும் கலங்கல் இருந்ததால், வளராத கிருமி என்று முடிவுகட்டினார். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

"கொளஞ்சியப்பன், இனிமே ஒரு தடவ போதாது. ரெண்டு தடவ வேகவைங்க."

அவருக்கு எட்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் தன்னுடைய இரகசிய வேக்காட்டை அதில் கழித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. டாக்டர் சொன்னது இரண்டு, தன் பங்குக்கு ஒன்று, ஆக மூன்று. கடைசி இரண்டிலும் குண்டான் சத்தமில்லாமல் வெந்தது. தண்ணீர் கருப்பட்டி கரைத்த நிறத்துக்கு வந்தது.

அந்தத் தண்ணீர் உள்ளே போன மதியம் மழை இருட்டில் வார்டு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. கொளஞ்சியப்பன் தானே புட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். ரசியாவின் முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அது கூரையிலிருந்து இறங்கி, வார்டைச் சுற்றி வந்து, அவர் மேல் நின்றது. அதற்கு முன் அவள் அவரைப் பார்த்ததே கிடையாது.

"உம்மா, இவருதான்" என்றாள் அமைதியாக. "உள்ள சுரண்டுறது இவருதான்."

கொளஞ்சியப்பன் கையிலிருந்த புட்டி கட்டிலின் இரும்பில் இடித்தது. கட்டில் லேசாக ஆடியது.

"அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க" என்று ஆசியா உம்மாள் பதறினாள். "புத்தி பெரண்டு பேசுது. நீங்கதானே புள்ளைக்குத் தண்ணி காய்ச்சிக் குடுக்குறீங்க. அல்லா ஒங்களுக்கு நெறைய குடுப்பான்."

அந்த துஆதான் அவரைக் கொன்றது. குற்றச்சாட்டையாவது பைத்தியம் என்று தள்ளலாம்.

அவர் நேரே சோதனை அறைக்குப் போனார். சௌந்தரம் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்திருந்தார். நிமிராமலே பேசினார்.

"கிருமி இல்ல கொளஞ்சியப்பன். ரெண்டு நாளா இல்லாத கிருமியத் தேடிக்கிட்டிருக்கேன். இங்க வந்து பாருங்க."

கொளஞ்சியப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வட்ட வெளிச்சத்தில் தட்டைத் தட்டையாக எதுவோ கிடந்தது. சில தனியாக, சில நாலைந்து சேர்ந்து, ஓரம் சுருண்டு, சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது போல.

"பொருக்கு" என்றார் அவர்.

"என்னது?"

"சுண்ணாம்புப் பொருக்கு. அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

சௌந்தரம் மறுபடி குனிந்து பார்த்தார். "இது அவளோட உள்தோல்" என்றார். "சல்லடைன்னு சொன்னேனே, அதோட உயிரணு. ஒண்ணு ரெண்டு உதிரும். இப்பிடிப் பாய் பாயா உதிராது. தண்ணிதான் உரிக்குது. ஆனா ஏன்? கலக்குறது அதே உப்பு, அதே சர்க்கரை. சென்னையில இப்பிடி ஆகல. அங்க ஒரு தடவதான் வேகவைப்பாங்க, இங்க ரெண்டு..."

"மூணு" என்றார் கொளஞ்சியப்பன்.

சௌந்தரம் நிமிர்ந்தார்.

"நீங்க சொன்னது ரெண்டு. என்னோடது ஒண்ணு. நீங்க ஒண்ணு சொன்ன காலத்துல ரெண்டு. பாம்பு கடிச்சவருக்கும் ரெண்டுதான், அடுத்தவருக்கும் ரெண்டுதான்." நிறுத்தி, "நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்று சேர்த்தார். சொன்ன உடனே அந்தச் சொல் அவருக்கே பிடிக்கவில்லை.

சௌந்தரம் கோபப்படவில்லை. கோபப்பட நியாயம் பாதிதான் அவர் பக்கம் இருந்தது. காலையில் ஒரே ஒரு முறை வெந்து, அடுத்த வேக்காட்டுக்காகக் காத்திருந்த புட்டி ஒன்றையும், மூன்று முறை வெந்த புட்டி ஒன்றையும் கொண்டுவரச் சொன்னார். பொன்னுரங்கத்தை அனுப்பிச் சாக்கடை ஓரத்தில் ஒரு தவளை பிடித்து வரச் சொன்னார். மழைக்காலத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

"என்னாம்மா, இப்ப நெஜமாவே சமையலா?" என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை.

நிறமில்லாத தண்ணீரில் லிட்மஸ் நீலத் தாளை நனைத்தார், லேசாகச் சிவந்தது. கருப்பட்டி நிறத்தில் நனைத்தார். புளியில் தோய்த்தது போலச் சிவந்தது. பிறகு மயக்கிய தவளையின் வயிற்றைத் திறந்து, குடலைப் பிடித்திருக்கும், அதே உள்தோல் போர்த்திய கண்ணாடி போன்ற சவ்வில் ஒரு பக்கம் அந்தத் தண்ணீரையும் மறு பக்கம் இந்தத் தண்ணீரையும் சொட்டு சொட்டாக விட்டார். ஊறிய பின் இரண்டு துண்டு வெட்டி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பினார். வெயில் பட்டால் அணுக்களின் ஓரம் கறுத்துக் கோடாகத் தெரியும் என்றார்.

வெயில் இல்லை. மூன்று பேரும் இரண்டு கண்ணாடித் துண்டுகளோடு ஜன்னலருகே நின்றார்கள். வெளியே கடற்கரைப் பக்கம் வானம் ஈயமாக இருந்தது. அடுத்த சுற்றுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மாற்றாவிட்டால் ரசியா தன் ரத்தத்தாலேயே சாவாள், இந்தத் தண்ணீரை ஏற்றினால் தண்ணீரால் சாவாள். பின்னால் தட்டில் கிடந்த தவளையின் கால் ஒன்று, எல்லாம் முடிந்த பிறகும், மெதுவாக மடங்கி நீண்டது.

மேகம் கிழிந்து கொஞ்சம் வெயில் விழுந்தது. கண்ணாடி மேல் ஒன்றுமில்லாத இடத்தில் பழுப்பு படர்ந்தது.

கொளஞ்சியப்பன் பிறந்தது வீராணம் ஏரிக் கரையில் ஒரு கிராமம். கோடையில் ஏரி வற்றினால் தரை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக் கோடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றையொன்று தொட்டு ஓடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, ஒருமுறை வெந்த தண்ணீர் பட்ட சவ்வில் அந்தத் தரை அப்படியே இருந்தது. பாளத்தோடு பாளம் சேர்ந்து, இடைவெளியில்லாமல். மற்றதில் பாளங்கள் கழன்றிருந்தன. சில இடத்தில் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. சில இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வட்ட வெளிச்சம்.

"சர்க்கரை கருகியிருக்கு" என்றார் சௌந்தரம். "கருகினது புளிச்சு, அந்தப் புளிப்புல உரியுது. கிருமியக் கொல்றோம்னு நெனச்சு..." தகட்டைக் கீழே வைத்தார். "புதுசா கலந்து ஒரே ஒரு தடவ வேகவைங்க. இருபது நிமிஷம். நான் வார்டுல இருக்கேன்."

"கிருமி செத்துருமா?"

"செத்துரும்."

"நிச்சயமா?"

முன்பு என்றால் டாக்டர் ஆமாம் என்றிருப்பார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்றார்.

கொளஞ்சியப்பன் இருந்த புட்டிகளையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்தார். புதுத் தண்ணீர் கலந்து, அடைத்து, குண்டானில் அடுக்கி, ஸ்டவ்வைப் பம்ப் அடித்தார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. மூடி ஆட ஆரம்பித்தது.

கடகட. கடகட.

அவர் கண்ணைக் கடிகாரத்தின் மேல் வைத்தார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. ஜன்னலில்லாத அறையில் ஆவி புகையாக நின்றது. அதில் ஓரிடம் மட்டும் கலையாமல், ஒரு ஆள் படுத்திருக்கும் நீளத்துக்கு, இடுப்புயரத்தில் மிதந்தது. இன்னொரு முறை ஏற்றினால் அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை. டாக்டர் வார்டில். இரண்டாம் வேக்காட்டுக்கு அனுமதிகூட வேண்டாம். எத்தனை நாள் அனுமதியில்லாமல் செய்திருக்கிறார். வேகாத தண்ணீர் போய், கட்டில் ஆடி, நாலு பேர் பிடித்தும் நிற்காமல், ஆசியா உம்மாள் பார்த்துக்கொண்டு...

"மாமா" என்றான் கதவருகே பொன்னுரங்கம். அவனும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் அந்தக் கட்டிலைப் பிடித்த நாலு பேரில் ஒருவன். "மாமா, நேரம் ஆச்சி."

"தெரியுது மச்சான்."

"அக்கா இல்ல மாமா அது. மூடி."

"தெரியும்ன்றேன்."

மறுநாள் காலை ரசியாவின் தண்ணீர் கொஞ்சம் தெளிந்து வந்தது. அதற்கு மறுநாள் புட்டிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது. ஒரு வாரத்தில் அவள் சொந்தமாகச் சிறுநீர் கழித்தாள். ஆசியா உம்மாள் அந்தப் பாத்திரத்தை நகை போல இரண்டு கையிலும் ஏந்தி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

மாசி மாதம் கடல் தீர்த்தவாரிக் கூட்டத்தில், பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் கொளஞ்சியப்பன் ரசியாவைப் பார்த்தார். இடுப்பில் பிள்ளை. அவருடைய பாசஞ்சர் ரயில் நின்றிருந்தது. அவர் வெந்நீர் புட்டியோடு ஜன்னலோரம். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஆசியா உம்மாளுக்குத் தெரிந்தது. "இவருதான்டி ஒனக்குத் தண்ணி காய்ச்சினவரு, சலாம் சொல்லு" என்றாள்.

ரசியா சலாம் சொன்னாள். பிறகு, கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டாள். "அங்க இன்னொருத்தர் இருந்தாரே. சுரண்டிக்கிட்டே இருப்பாரு. ஒரு நாளு பொழுது சாயுற நேரத்துல கைய நிறுத்திட்டு, எழுந்திரிச்சி வெளிய போய்ட்டாரு. அவரு யாரு?"

ரயில் கிளம்பிவிட்டதால் கொளஞ்சியப்பன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி அந்த வருஷமும் அவரைச் சமையற்காரர் என்றே எழுதியது. நற்பணி என்று ஒரு வார்த்தையும் சேர்த்தது. அன்று மாலை கஞ்சி அறையில் அவர் செய்தது ஒன்றுதான். இருபது நிமிஷம் ஆனதும், மூடி ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டவ்வை அணைத்தார்.